பால்மாவா, பசுப்பாலா? கரண்டிக் கணக்கு

மாமி வீட்டுத் தேத்தண்ணி என்றால் கோப்பைக்குள் குவித்த மூன்று கரண்டி பால்மா விழும். மாவையும் சீனியையும் சொட்டுச் சுடுதண்ணியில் குழைத்து, மேலே சாயத்தை ஊற்றி, நுரை பொங்க ஆற்றித் தருவார். ஒரு மணித்தியாலம் போக முதல் என் வயிறு இரையத் தொடங்கிவிடும். “பசுப்பால்தான் உமக்கு ஒத்துக்கொள்ளாது, மா ஒண்டும் செய்யாது” என்பது அவரது தீர்ப்பு.

தீர்ப்புப் பிழை. பாலை மாவாக்கும்போது போவது தண்ணீர் மட்டும்தான். பாலின் சர்க்கரையான லக்டோஸ் அப்படியே தங்கிவிடும். சூட்டுக்கும் அது உடையாது. அதை உடைக்கும் லக்டேஸ் நொதியம் நம்மில் பலருக்குப் பால்குடி மறந்த பிறகு குறைந்துகொண்டே போகிறது. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், தண்ணீரை இழுத்து, அங்குள்ள பக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. மிச்சம் காற்றும் ஓட்டமும்.

சரி, கணக்குக்கு வருவோம். 200 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறக்குறைய 9 முதல் 10 கிராம் லக்டோஸ். பக்கெற்றில் சொன்ன அளவுக்குக் கரைத்த ஒரு கிளாஸ் பால்மாவிலும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் தேத்தண்ணிக்கு யாரும் அந்த அளவில் போடுவதில்லை. முழு ஆடைப் பால்மாவில் நூற்றுக்கு 36 முதல் 40 பங்கு லக்டோஸ். குவித்த இரண்டு தேக்கரண்டி சுமார் 10 கிராம் என்றால் உள்ளே போவது 4 கிராம். ஒரே தடவையில் 12 கிராம் வரை பலர் பெரிய கரைச்சல் இல்லாமல் தாங்குவார்கள் என்பது பொதுவான மருத்துவக் கருத்து. எனக்கு அந்த எல்லை இன்னும் கீழே, அது ஆளுக்கு ஆள் மாறும். எனக்குப் பால்மாவில் பிடித்ததே இதுதான்: கரண்டியால் அளந்து என் எல்லையைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு கரண்டி சரி, மூன்று சரிவராது.

ஒரு பிழை நானும் விட்டேன். கொழுப்பு நீக்கிய மா இலேசானது என்று நினைத்து மாறினேன். கொழுப்பை எடுத்தால் அந்த இடத்தை மற்றவை பிடிக்கும். அதில் லக்டோஸ் பாதிக்குப் பாதி. அதே கரண்டிக்குக் கூடுதல் தொல்லை.

ஆட்டுப்பால் வயிற்றுக்கு நல்லது என்று யாழ்ப்பாணத்தில் சொல்லாதவர் இல்லை. ருசியில் அதற்கு நிகரில்லை, ஆனால் லக்டோஸ் பசுப்பாலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தயிர் உண்மையிலேயே வேறு. உறையும்போதே ஒரு பங்கு லக்டோஸ் போய்விடும், மிச்சத்தைச் செரிக்க அதிலுள்ள பக்டீரியாக்களும் உதவும். மத்தியானச் சோற்றோடு தயிர் எனக்கு ஒருநாளும் வம்பு செய்ததில்லை.

தேங்காய்ப்பாலில் லக்டோஸே இல்லை, ஆனால் கல்சியமும் புரதமும் சொற்பம். பால்மாவுக்குப் பதில் என்று அதை நம்பக்கூடாது. சோயாப்பாலில் புரதம் உண்டு, தேத்தண்ணியில் திரிந்துவிடுவதுதான் எரிச்சல். லண்டன், கனடாப் பக்கம் லக்டோஸ் நீக்கிய பால் கடையெங்கும் கிடைக்கும். லக்டேஸ் கலந்து சர்க்கரையை முன்பே உடைத்துவிடுவதால் கொஞ்சம் இனிக்கும், சீனியைக் குறைக்கலாம். அங்கிருந்து வந்த மச்சாள் தந்த லக்டேஸ் குளிசை கலியாண வீட்டுப் பாயாசத்துக்குக் கைகொடுத்தது. முதல் வாயோடேயே விழுங்கவேண்டும். பாற்புரதம் ஒவ்வாதவர்களுக்கு மட்டும் லக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது, குளிசையும் உதவாது. அது வேறு வருத்தம்.

இவ்வளவையும் மாமிக்கு விளங்கப்படுத்தினேன். போன கிழமை போனபோது வெறுந்தேத்தண்ணிதான் வந்தது, இஞ்சி தட்டிப் போட்டு. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பால் டொபி, ரின்பாலில் கிண்டியது. “இதில பால்மா ஒரு துளியும் இல்லை, பயப்பிடாமல் சாப்பிடும்” என்றார்.