1799 வெள்ளி டாலர் வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

கடந்த அக்டோபரில் 2,300 டாலர் கொடுத்து, 1799ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலர் நாணயம் ஒன்றை வாங்கினேன். அது போலி நாணயம் அல்ல. வெள்ளி அசல், ஆண்டு அசல், பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்பதிலும் ஐயமில்லை. அப்படியிருந்தும் ஏமாற்றப்பட்டேன். போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அசல் நாணயத்தை வைத்தே ஒருவர் எப்படி ஏமாற்ற முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக 1807 முதல் 1836 வரையிலான அரை டாலர்களைச் சேகரித்து வருகிறேன். அவற்றில் பலவும் நூறு டாலருக்கும் முந்நூறு டாலருக்கும் இடையில் கிடைக்கும். மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும். ஆனால் ஆரம்பகால அமெரிக்க வெள்ளியில் கை வைத்தவர் எவருக்கும் ஒரு முழு டாலர் வேண்டும் என்ற ஆசை வரும். 1794இல் அடித்த முதல் வெள்ளி டாலர்கள் 1,758 மட்டுமே. அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. 1799ஆம் ஆண்டு அப்படியல்ல. நாணயச்சாலைக் கணக்கின்படி அந்த ஆண்டுக்கு 4,23,515 டாலர்கள். பணம் சேர்த்து வைத்தால் நம்மைப் போன்றவர்களும் எட்டிப் பிடிக்கக்கூடிய நாணயம் அது. மூன்று ஆண்டுகள் சேர்த்தேன்.

பிலடெல்பியாவுக்கு அருகில் ஒரு விடுதிக் கூடத்தில் வார இறுதி நாணயச் சந்தை. அந்த வியாபாரியை அங்கே இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் மேசையில் எப்போதும் ஒரு நீல நிறக் கோப்பு இருக்கும். அதில் பெரிய ஏலங்களின் விலைப் பட்டியல்கள், வண்ணப் படங்களுடன் அச்சிட்டு வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். நாணயத்தை நம் கையில் கொடுத்துவிட்டு, கோப்பைத் திறந்து நம் பக்கம் திருப்பி வைப்பார். "இதே ஆண்டு, இதே தேய்மானம். ஏலத்தில் 3,100க்குப் போயிருக்கிறது பாருங்கள். நீங்கள் அடிக்கடி வருகிறவர் என்பதால் 2,300" என்றார்.

என் சோதனைகளை நானும் செய்தேன். இந்த டாலரின் சட்டப்படியான எடை 26.96 கிராம். என் சிறிய தராசில் 26.7 காட்டியது, இருநூறு ஆண்டுத் தேய்மானத்துக்கு அது சரிதான். காந்தத்தில் ஒட்டவில்லை. விளிம்பைச் சுற்றி 'நூறு சென்ட், ஒரு டாலர் அல்லது அலகு' என்ற பொருளில் பொறித்த ஆங்கில எழுத்துகள் சரியாக இருந்தன. வார்ப்பில் செய்த போலிகளில் அந்த விளிம்பில்தான் ஒட்டுக்கோடு தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. நாணயத்தின் உச்சியில் உள்ள லிபர்ட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே, பெண் உருவின் தலைமுடிக்கு மேலே, மெல்லிய இணைக் கீறல்கள். கேட்டேன். "அது அரத்தின் தடம். அந்தக் காலத்தில் எடை கூடிய வெற்றுத் தகடுகளை நாணயச்சாலையில் அரத்தால் ராவிச் சரி செய்வார்கள். அது குறை அல்ல, பழமைக்கு அடையாளம்" என்றார். நாணயச்சாலை அப்படிச் செய்தது உண்மைதான். பல நாணயங்களில் அந்தத் தடத்தை நானே பார்த்திருக்கிறேன். அதனால் தலையாட்டினேன்.

பணத்தைக் கைப்பேசிச் செயலி வழியே, நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் அனுப்பச் சொன்னார். கட்டணம் மிச்சமாகும் என்றார். கையால் எழுதிய ரசீதில் '1799 டாலர், உள்ளது உள்ளபடி' என்று இருந்தது. வாய்மொழியாக அவர் சொன்ன "எந்தக் குறையும் இல்லாதது" என்ற சொல் ரசீதில் இல்லை. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து எங்கள் நாணயச் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் காட்டினேன். எண்பது வயதைத் தாண்டியவர். நாணயத்தை விளக்குக்கு நேரே பிடிக்காமல், மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, நாணயத்தை மிக மெதுவாகச் சாய்த்தார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே வெகுநேரம் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் லென்ஸை என்னிடம் கொடுத்தார்.

சாய்ந்த ஒளியில் தெரிந்தது. லிபர்ட்டியின் நான்காவது, ஐந்தாவது எழுத்துகளைச் சுற்றி, மிளகு அளவில் ஒரு வட்டக் கோடு. வட்டத்துக்கு உள்ளே வெள்ளியின் நிறம் ஒரு சாயல் வெளுப்பு. சுற்றியுள்ள பரப்பில் இருநூறு ஆண்டு புழக்கம் தந்த நுண்ணிய தேய்மானம் இருந்தது. வட்டத்துக்குள் அது இல்லை, மெருகேற்றிய வழவழப்பு மட்டுமே. நாணயத்தைப் புரட்டினால் அதே இடத்துக்கு நேர் பின்னால் கழுகின் வால். வால் இறகுகளில் இரண்டு, மற்றவற்றைவிடக் கூர்மையாக, புதிதாகக் கீறப்பட்டவை. அந்த வட்டம், வெள்ளியால் அடைக்கப்பட்ட ஒரு துளை. நான் அரத் தடம் என்று நம்பிய கீறல்கள், அந்த அடைப்பைச் சுரண்டிச் சமன்படுத்தியபோது விழுந்தவை. உண்மையான அரத் தடம் அச்சு அடிப்பதற்கு முன்பே விழுந்தது. அச்சின் அழுத்தத்தில் அதன் ஓரங்கள் மழுங்கியிருக்கும். இந்தக் கீறல்களோ கூர்மையாக, ஓர் எழுத்தின் காலையே அறுத்துக்கொண்டு போயிருந்தன.

பிறகு அவர் இன்னொன்றும் காட்டினார். அந்தக் காலத்தில் ஒவ்வோர் அச்சிலும் எழுத்துகளையும் நட்சத்திரங்களையும் ஆண்டு எண்ணையும் தனித்தனியே கையால் அடித்துப் பதித்தார்கள். அதனால் ஓர் அச்சைப் போல இன்னோர் அச்சு இருக்காது. ஆனால் ஒரே அச்சில் பிறந்த நாணயங்களில் எழுத்துகள் இம்மியும் இடம் மாறாது. நட்சத்திரங்களின் இடத்தை வைத்து என் நாணயம் எந்த அச்சு வகை என்று கண்டுபிடித்து, அதே வகையின் படங்களை எடுத்து வைத்தார். மற்ற எல்லா எழுத்தும் பொருந்தின. ஐந்தாவது எழுத்து மட்டும் சற்று வலப்புறம் சாய்ந்து நின்றது. அது நாணயச்சாலையின் எழுத்து அல்ல, யாரோ ஒரு பொற்கொல்லரின் எழுத்து.

நம்மில் பலர் வீட்டில் காசுமாலையைப் பார்த்திருப்போம். பழைய ரூபாயில் வளையம் பற்றவைத்துப் பிள்ளைகள் கழுத்தில் கட்டியதையும் பார்த்திருப்போம். அமெரிக்காவிலும் அதே வழக்கம் இருந்தது. பெரிய வெள்ளி டாலரில் தலைக்கு மேலே துளையிட்டு, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார்கள். பின்னாளில் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காக அந்தத் துளையில் வெள்ளியைச் செருகி, பற்றாசு வைத்து, மேலே எழுத்தைப் பொறித்துவிடுவார்கள். செருகியதும் வெள்ளிதான் என்பதால் தராசும் காந்தமும் எதையும் காட்டிக்கொடுக்காது. என் சோதனைகள் எல்லாம் போலிக்கு எதிரான சோதனைகள். பழுதுபார்த்ததற்கு எதிராக என் கையில் எதுவுமே இல்லை.

தரநிர்ணயத்துக்கு, அதாவது நாணயத்தைச் சோதித்து, தரத்தை எண்ணால் குறித்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெட்டியில் அடைத்துத் திரும்பி வந்த நாணயத்தின் சீட்டில் எண் தரம் இல்லை; உண்மையானது, துளை அடைக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும். இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்டேன். ஒருவர் 600 என்றார், மற்றவர் 650.

அடுத்த சந்தையில் எனக்கு விற்றவரிடம் சீட்டோடு போய் நின்றேன். அவர் முகம் மாறவே இல்லை. மீண்டும் நீலக் கோப்பைத் திறந்தார். "அடைப்பு இருந்தால் மதிப்புக் குறையும் என்று யார் சொன்னது? உலகத்திலேயே அதிக விலைக்குப் போன டாலரில் அடைப்பு இருக்கிறது, தெரியுமா?" என்றார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனெனில் அவர் சொன்னதில் பாதி உண்மை. 2013 ஜனவரியில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 16,875 டாலருக்குப் போன 1794 டாலரில் வெள்ளி அடைப்பு இருக்கிறது. ஆனால் அது நாணயச்சாலையே வைத்த அடைப்பு. எடை குறைந்த வெற்றுத் தகட்டின் நடுவில் துளையிட்டு, சிறிய வெள்ளித் துண்டைச் செருகி, அதன் பிறகு அச்சடித்தார்கள். அதனால் உருவமும் தலைமுடியும் அந்த அடைப்பின் மேலேயே பதிந்து நிற்கும். டாலர்களைப் பொறுத்தவரை இது 1794, 1795 ஆண்டுகளில் மட்டும் காணப்படும் வழக்கம். இடம் எப்போதும் நடுப்பகுதி. 1799இல், விளிம்பை ஒட்டி, எழுத்தின் மேல் இருக்கும் அடைப்பு என்றால் அது தொங்கவிட்ட துளைதான். ஓர் உண்மையைக் கொண்டுவந்து இன்னொரு பொய்க்குப் போர்வையாகப் போர்த்துவது அவர் தொழில். அரத் தடமும் அப்படித்தான், ஏல விலையும் அப்படித்தான்.

ஏல விலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒரு கோடி டாலரில் ஏலக்கூடத்தில் உண்மையில் கூவப்பட்ட தொகை 85 லட்சத்து 25 ஆயிரம்தான். மீதி, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் பதினேழரை சதவீதக் கட்டணம். இன்று பெரிய ஏலங்களில் இருபது சதவீதமும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். பதிவேடுகளில் வெளியாவது கட்டணம் சேர்ந்த தொகை. அந்த 3,100 விற்றவர் கைக்குப் போன பணம் அல்ல. அது குறையற்றது எனத் தரநிர்ணயம் பெற்ற ஒரு நாணயத்தின் விலை. என் கையில் இருந்த நாணயத்தின் விலையே அல்ல. பெரிய ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகளை நீங்களே தேடிப் பார்க்கலாம். தேடும்போது ஆண்டையும் தேய்மானத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். துளை அடைத்தவை, கழுவியவை, செதுக்கித் திருத்தியவை என்ன விலைக்குப் போயின என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான் பிறகு பார்த்தேன். என் நாணயத்தின் உடன்பிறப்புகள் அங்கே வரிசையாக இருந்தன, அறுநூறிலும் எழுநூறிலும்.

இனி ஆயிரம் டாலருக்கு மேல் போகும் எந்த ஆரம்பகால வெள்ளியையும் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. என்ற தரநிர்ணய நிறுவனங்களின் பெட்டியில் இல்லாமல் வாங்க மாட்டேன். பெட்டியிலும் போலிகள் வருகின்றன. எனவே சீட்டில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டு, படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். பெட்டியில் இல்லாததை வாங்கியே தீர வேண்டும் என்றால், 'பழுதுபார்த்ததாகத் தரநிர்ணயத்தில் தெரியவந்தால் முழுப் பணம் திரும்பத் தரப்படும்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பணத்தைக் கடன் அட்டையில் செலுத்துங்கள். நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் அனுப்பியதால் எனக்கு முறையிட இடமே இல்லாமல் போயிற்று. செயலி நிறுவனம் ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டது.

மிச்சம் பிடித்த மூன்று ஆண்டுகளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதைவிட, அந்த நாணயத்தை முதல் நாள் இரவு என் மகள் கையில் வைத்து, இது வாஷிங்டன் இறந்த ஆண்டில் அடித்த காசு என்று சொன்னதை நினைத்தால் இன்னும் அதிகம். அவள் விளிம்பு எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

பிப்ரவரியில் மறுபடி அந்தக் கூடத்துக்குப் போனேன். அந்த வியாபாரியின் கண்ணாடிப் பெட்டியில் இன்னொரு 1799 இருந்தது, கழுகுப் பக்கம் மேலாக. விலைச்சீட்டில் 2,600. பக்கத்தில் நீலக் கோப்பைப் புரட்டிக்கொண்டு ஓர் இளைஞர் நின்றிருந்தார். அவர் வெளியே வரும்வரை வாசலில் காத்திருந்து, என் லென்ஸைக் கொடுத்து, விளக்கை எப்படிச் சாய்ப்பது என்று சொல்லி அனுப்பினேன்.