தலைக் கட்டிக்கு 'கத்தி இல்லாத ஒப்பரேசன்' பதிஞ்சு தாறம் எண்டு சொல்றவங்களிட்ட கவனம்: 4,75,000 ரூபா போச்சு

முகவரிட்ட இருந்து நேற்றுத்தான் கடைசிப் பதில் வந்தது: "அது சேவைக் கட்டணம், திருப்பித் தர ஏலாது." 4,75,000 ரூபா! சூடு ஆற முதல் எழுதிப் போடுறன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இன்னொரு வீட்டுக் காசு இப்படிப் போகக் கூடாது. என்னென்ன பார்க்க வேணும் எண்டதையும் கடைசியில விபரமா எழுதுறன்.

பேர் போடல. கல்முனைப் பக்கம், மாடியில, இந்தியாவுக்கு வைத்தியத்துக்கு ஆள் அனுப்புற முகவர் கந்தோர். விமான டிக்கட் போர்டும் தொங்குது.

மாமிக்கு வலது பக்கம் செவி நரம்பில கட்டி. புற்று இல்ல, மெதுவா வளர்ற சாதி. 3.4 சென்ரிமீட்டர். மூளைத்தண்டைத் தள்ளிக்கொண்டு இருக்கு எண்டு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில தெளிவா இருக்கு. முகவர் ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்ல. படத்தை மட்டும் உறையில இருந்து உருவி, டியூப் லைட்டுக்கு நேர தூக்கிப் பிடிச்சு, பேனை நுனியால தட்டினார். "இந்தா இரிக்கி மாமி, பயப்பிடாதீங்க. கத்தி இல்ல, தையல் இல்ல. காலையில படுத்தா பின்னேரம் எழும்பி இட்லி சாப்பிடுவீங்க. கட்டி கரைஞ்சிரும், காதும் கேட்கும்." ஒரு மாசத்துக்குப் பிறகு மாமி அண்டைக்குத்தான் சிரிச்சா. அந்தச் சிரிப்போட மாமா நகையை அடகு வைக்கப் போயிட்டார். "நவம்பர்ல திகதி நிச்சயம்" எண்டு ஒரு தாள் குடுத்தாங்க. ரசீதில 'சேவைக் கட்டணம் 4,75,000' எண்டு மட்டும்.

ஆத்திரம் என்னண்டா, அவர் சொன்னதில பாதி உண்மை. அவர் சொன்ன வைத்தியத்துக்குக் காமா நைஃப் (காமாக் கத்தி) எண்டு பேர் இருந்தாலும் கத்தியே இல்லைதான். இப்பத்தைய மெஷினில கோபால்ட் எண்ட கதிர் வீசுற உலோகம் வச்ச 192 மூலங்களில இருந்து வாற கதிர்கள் ஒரு புள்ளியில சந்திக்கும். ஒவ்வொரு கதிரும் தனியப் பலவீனம், சந்திக்கிற இடத்தில மட்டும் பலம். தலையில விறைப்பூசி போட்டு நாலு திருகாணியால ஒரு சட்டம் (பிரேம்) பூட்டி, அதோடயே ஸ்கேன் எடுத்து, திட்டம் போட்டு, பிறகுதான் கதிர். அண்டைக்கே இல்லாட்டி அடுத்த நாள் வீட்டுக்கு விடுவாங்க. "போன வருஷம் வந்த புது வைத்தியம்" எண்டு அவர் சொன்னது பச்சைப் பொய். சுவீடனில லார்ஸ் லெக்செல் எண்ட மூளைச் சத்திர வைத்தியர் இந்த மாதிரிக் கதிர் வைத்தியத்துக்கு 1951லயே 'ரேடியோசேர்ஜரி' எண்டு பேர் வச்சிட்டார்.

மற்றப் பாதிதான் ஆளைக் கொல்றது. இந்த வைத்தியம் பொதுவா 3 சென்ரிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்கு. பெருசாகப் பெருசாக, பக்கத்தில இருக்கிற நல்ல மூளைக்கும் கதிர் கூடப் போகும். அதோட செவி நரம்புக் கட்டி கதிர் பட்டு முதல் ஆறு மாசத்தில இருந்து ஒண்டரை வருஷத்துக்குள்ள சில பேருக்கு வீங்கித்தான் பிறகு அடங்கும். மூளைத்தண்டை ஏற்கனவே நெருக்கிற கட்டி இன்னும் வீங்கினா, மூளை நீர் ஓடுற பாதை அடைபடலாம். அப்படியான கட்டிக்கு முதல் ஒப்பரேசன், மிச்சம் இருந்தா அதுக்குக் கதிர். கட்டி கரையிறதும் இல்ல, வளராம நிக்கிறதுதான் வெற்றி. போன காது திரும்பி வராது. வருஷக் கணக்கில எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கணும், அந்தச் செலவு தாளில இல்லவே இல்ல.

தாளை அண்டைக்கே கவனிச்சிருந்தா பிடிச்சிருக்கலாம். "காமா நைஃப், 5 நாள்" எண்டு போட்டிருந்தது. சட்டம் பூட்டிச் செய்யிறது வழமையா ஒரே தடவை. அஞ்சு நாளாப் பிரிச்சுக் குடுக்கிறது முகமூடி போட்டுச் செய்யிற மற்ற மெஷின்களிலதான் அதிகம். எங்கயோ இருந்து கொப்பி அடிச்ச தாள். மாமியின்ட ஸ்கேன் படம் வேற 5 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டா எடுத்தது. திட்டம் போட இடைவெளி இல்லாம 1 மில்லிமீட்டர் வெட்டு, மருந்து ஏத்தி எடுத்தது வேணும். அதையும் சீடியில, டைகொம் எண்ட, ஸ்கேன் படத்துக்கெண்டே இருக்கிற கணினி வடிவத்தில குடுக்கணும். சீடி இருக்கா எண்டு ஒரு வார்த்தை கேட்கல!

நவம்பர் வந்தது. முதல் "டொக்டர் லீவு." பிறகு "விசா லெட்டர் வந்துக்கொண்டு இரிக்கி." மூண்டாவதுதான் உச்சம்: "மெஷின்ல கோபால்ட் முடிஞ்சுது அண்ணன், அடுத்த கிழமை நிரப்புவாங்க." கேஸ் சிலிண்டரா முடியிறதுக்கு? கோபால்ட் பாதியாகவே 5 வருஷத்துக்கு மேல எடுக்கும். பலம் குறையக் குறைய அதே அளவு கதிருக்குக் கூட நேரம் படுக்க வைப்பாங்க, அவ்வளவுதான். பிறகு "மறு திட்டத்துக்கு" இன்னும் 60,000 கேட்டார். குடுக்கல எண்டதும் வாட்ஸ்அப்பில நீலக் கோடு விழுறதே நிண்டுட்டு.

முகவர் சொன்ன இந்திய ஆஸ்பத்திரிக்கு நேர ஈமெயில் போட்டம். இந்தப் பேரில பதிவே இல்ல எண்டாங்க. டைகொம் படத்தை அனுப்பினதும் பார்த்து, கதிர் பொருத்தமில்ல, முதல் ஒப்பரேசன் எண்டு ரெண்டு பந்தியில பதில் வந்தது. ஒரு சதமும் கேட்கல. அந்த ரெண்டு பந்திக்கு நாங்க கட்டினது 4,75,000.

சரி, சொன்ன விபரம். நேரம் இல்ல, சுருக்கமா: கட்டி எத்தனை சென்ரிமீட்டர் எண்டு கேட்காம திகதி தாறவனுக்குக் காசு குடுக்காதீங்க. நியூரோ சேர்ஜனும் கதிர் வைத்தியரும் படம் பார்த்து எழுதின கடிதம் கையில வரணும், அதுக்குப் பிறகுதான் விசா, டிக்கட். காசு ஆஸ்பத்திரிக் கணக்குக்கு மட்டும். சீடியை வாங்கி வீட்டில வைங்க, ஆருக்கும் ஒரிஜினல் குடுக்காதீங்க.

மாமிக்குக் கொழும்பில கிளினிக் திகதி எடுத்தாச்சு. பொலிஸில ரசீதுப் பிரதி ரெண்டு கேட்டிருக்காங்க, கடை பூட்ட முதல் போட்டோகொப்பி எடுக்க ஓடுறன்.