ஃபெராரி பங்கா, ஆஸ்டன் மார்ட்டின் பங்கா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் நண்பர் வெளிநாட்டுப் பங்கில் கொஞ்சம் போடப் பார்க்கிறார். இந்த இரண்டு கார் கம்பெனிகளில் எது என்பதில்தான் குழப்பம்.

பங்கு முதன்முதலில் சந்தைக்கு வந்தது: ஃபெராரி 2015 அக்டோபரில் நியூயார்க்கில், ஒரு பங்கு 52 டாலர். முதல் நாள் ஏறியது. சில மாதங்களில் அந்த விலைக்கும் கீழே போய், பிறகுதான் நிமிர்ந்தது.
ஆஸ்டன் 2018 அக்டோபரில் லண்டனில், 19 பவுண்டு. முதல் நாளே சறுக்கல்.

பங்கு விற்ற காசு யாருக்கு: இரண்டிலும் பழைய பங்குதாரர்களுக்கே. ஃபெராரிக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, லாபம் வந்துகொண்டிருந்தது. கடனில் இருந்த ஆஸ்டனுக்குத்தான் கையில் காசு தேவை, ஒரு பவுண்டுகூட வரவில்லை. முதலீட்டாளர்கள் முகம் சுளித்ததில் தப்பே இல்லை.

வரலாறு: ஆஸ்டன் ஏழு முறை திவாலான கம்பெனி. 2020இல் கனடா நாட்டுக் கோடீஸ்வரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் பணம் இறக்கிக் காப்பாற்றினார். ஃபெராரியோ வேண்டுமென்றே குறைந்த எண்ணிக்கையில்தான் வண்டி விற்கும். 2015இல் மொத்தமே 7,664. வாங்குகிறவர் வரிசையில் நிற்பார்.

மகள் படிப்புக்கு எடுத்து வைத்த பணமென்றால் ஃபெராரி, அதுவும் விலை இறங்கும்போது. போனாலும் பரவாயில்லை என்கிற சில்லறைக்கு வேண்டுமானால் ஆஸ்டன். சரி, ஜேம்ஸ் பாண்ட் வண்டி என்பதற்காக மட்டும் வேண்டாம்.