பள்ளி நிறைவு விழாவுக்குப் பேச்சாளரை ஏற்பாடு செய்துதரும் இணையச் சேவை: ஒரு மதிப்புரை

உயர்நிலைப் பள்ளியின் நிறைவு விழாவில் சிறப்புரை ஆற்றுவதற்கு ஆள் தேடும் பொறுப்பு இம்முறை பெற்றோர் குழுவிடம் வந்தது. குழுவில் ஒருவன் என்ற முறையில், பேச்சாளர்களை ஏற்பாடு செய்துதரும் இணையச் சேவை ஒன்றைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

ஏற்பாடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் பழைய உரைகளின் காணொளிகளும் தளத்திலேயே இருந்தன. அழைக்கப்பட்டவர் கடைசி நேரத்தில் வர இயலாமல் போனால் மாற்று ஆளை அனுப்புவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். சட்டையில் பொருத்தும் மைக் வேண்டும் என்பதுவரை பேச்சாளரின் தேவைகள் எல்லாமே முன்கூட்டியே எங்களுக்கு வந்துவிட்டன.

சிக்கல் அவர்களுடைய விண்ணப்பப் படிவத்திலேயே இருந்தது. அரங்கில் எத்தனை பேர் இருப்பார்கள், என்ன தலைப்பு, எவ்வளவு நேரம், எவ்வளவு செலவிட இயலும் என்றெல்லாம் கேட்ட அப்படிவத்தில், இந்த மாணவர்கள் யார், இப்பள்ளியில் அவர்கள் எதையெல்லாம் கடந்து வந்தார்கள் என்று எழுத ஒரு வரி இடம்கூட இல்லை. அதன் விளைவை விழாவன்று கண்டோம். வந்தவர் ஒரு தொழில்முனைவோர். நல்ல குரல், நல்ல மேடைப் பழக்கம். ஆனால் காணொளியில் நாங்கள் பார்த்த அதே உரையை, அதே இடங்களில் நிறுத்தி, அதே நகைச்சுவையோடு பேசி முடித்தார். பள்ளியின் பெயர் மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. பெற்றோர் வரிசையில் கைத்தட்டல் எழுந்தது (பேசி முடித்ததற்காகவும் இருக்கலாம்). மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததோ, அடுத்துப் பேசிய சக மாணவி, வேதியியல் ஆய்வகத்தின் புகையால் எச்சரிக்கை மணி அடித்து, பள்ளி முழுவதும் மழையில் நனைந்தபடி நின்ற நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோதுதான். அவர் மதிப்பெண்ணில் முதலிடம் பெற்றவர் அல்லர். வகுப்பினர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்.

அதிக மதிப்பெண் பெற்ற மாணவரே வகுப்பின் சார்பில் விடைபெறும் உரை ஆற்றுவது அமெரிக்கப் பள்ளிகளில் நெடுநாளைய மரபு. படிப்பில் முந்துவதும் ஒரு வகுப்பின் சார்பில் பேசுவதும் வெவ்வேறு திறமைகள் என்பதால், வாக்கெடுப்பே மேல் என்பது என் கருத்து. வெளியாரை அழைத்தாலும், அவர் ஏன் இங்கே பேசுகிறார் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். 2011 மே மாதச் சூறாவளியில் தன் கட்டடத்தையே இழந்தது மிசௌரி மாநிலத்தின் ஜாப்லின் உயர்நிலைப் பள்ளி. அதன் 2012ஆம் ஆண்டு நிறைவு விழாவில் அன்றைய அதிபர் ஒபாமா பேசினார். சூறாவளி அடித்த சில நாள்களிலேயே அந்நகருக்குச் சென்று அழிவை நேரில் பார்த்தவர் அவர். அதே ஆண்டில் மாசசூசெட்ஸின் வெல்லஸ்லி உயர்நிலைப் பள்ளியில் பேசிய டேவிட் மெக்கல்லா ஜூனியர், அப்பள்ளியின் ஆங்கில ஆசிரியர். நீங்கள் ஒன்றும் தனிச்சிறப்பு வாய்ந்தவர்கள் அல்லர் என்று மாணவர்களிடம் நேருக்கு நேர் சொன்ன அந்த உரை இணையத்தில் உலகெங்கும் பரவியது. கட்டணம் பெற்றுக்கொண்டு வருபவர் அதையே சொல்லியிருந்தால் பெற்றோருக்குக் கோபம்தான் வந்திருக்கும். வகுப்பறையில் நாள்தோறும் பாடம் நடத்தியவருக்குத்தான் அந்த உரிமை உண்டு.

ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னால், ஏற்பாட்டுக்கு நான்கும் நிறைவு விழாவுக்கான பொருத்தத்துக்கு ஒன்றரையும் கொடுப்பேன். தொழில் வழிகாட்டல் நாள், ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்கு இச்சேவையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நிறைவு விழாவுக்கு இதையே நாடுபவர்கள், பேச்சாளர் முன்னதாக மாணவர்கள் சிலரோடு உரையாட வேண்டும், உரை பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த ஆண்டுக் குழுவுக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்பில், இறுதியாண்டு மாணவர்களிடம் முதலில் பெயர்களைக் கேட்க வேண்டும் என்றும், அவர்கள் சொல்பவர் ஓய்வுபெறும் ஆசிரியரோ, நூலகரோ, பள்ளிப் பேருந்தின் ஓட்டுநரோ, யாராக இருந்தாலும் அவரைத்தான் முதலில் அணுக வேண்டும் என்றும், அவர்களில் ஒருவரும் இசையாவிட்டால் மட்டுமே இத்தளத்தைத் திறக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.