பிடிபடாத இங்கிலாந்து முன்னோர்: எந்த ஆவணம் கைகொடுக்கும்?

சார்லி சாப்ளினின் பிறப்புச் சான்றிதழ் இன்றுவரை யார் கையிலும் அகப்படவில்லை. 1889 ஏப்ரலில் லண்டனில் பிறந்தவர் என்று உலகமே சொல்கிறது. பிறப்பைப் பதியாவிட்டால் அபராதம் என்ற சட்டம் அமலுக்கு வந்து அப்போதே 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1950களில் அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் பிரிட்டனின் உளவுத்துறையான எம்.ஐ.5 கூடத் தேடிப் பார்த்தது. பதிவேட்டில் அவர் பெயர் இல்லை.

உலகப் புகழ்பெற்ற ஒருவருக்கே இந்தக் கதி என்றால், லங்காஷயர் பருத்தி ஆலையிலோ நார்ஃபோக் வயல்களிலோ உழைத்துச் செத்த ஒரு கொள்ளுத்தாத்தா கிடைக்காமல் போவதில் வியப்பில்லை. ஆனால் தேடுகிறவர்களில் பலர் கிடைக்காத அந்தச் சான்றிதழ் வாசலிலேயே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். பக்கத்தில் வேறு வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. எதற்கு எவ்வளவு பலம் என்று சாப்ளின் குடும்பத்தையே உரைகல்லாக வைத்துப் பார்ப்போம்.

பிறப்பு, இறப்புப் பதிவு

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் அரசுப் பதிவு தொடங்கிய நாள் 1837 ஜூலை 1. முதல் 37 ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிப் பிறப்புகளைக் கேட்டு எழுதுவது பதிவாளர் பொறுப்பு. அவர் கண்ணில் படாத குழந்தை பதிவிலும் இராது. 1875 முதல்தான் அந்தக் கடமை பெற்றோர் தலைக்கு வந்தது.

இதைத் தேட இரண்டு வழி. ஒன்று ஃப்ரீ-பிஎம்டி என்ற இணையதளம். 1998 முதல் தன்னார்வலர்கள் பழைய காலாண்டுப் பட்டியல்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருவது. இன்னொன்று தலைமைப் பதிவாளர் அலுவலகமான ஜி.ஆர்.ஓ. 2016-ல் வெளியிட்ட புதிய பட்டியல். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து ஒன்றை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய. இரண்டும் ஒன்றல்ல. பழைய பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஜி.ஆர்.ஓ. பட்டியலோ மூலப் பதிவேட்டைப் பார்த்துப் புதிதாகத் தயாரித்தது என்பதால் 1837-லிருந்தே அந்தப் பெயரைக் காட்டுகிறது. ஒரே ஊரில் பத்து ஜான் டெய்லர்கள் பிறந்திருந்தால், தாயின் பெயரை வைத்து ஒன்பது பேரைக் கழித்துவிடலாம். தாயின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பெரும்பாலும் அது மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை. தேட வேண்டியது தாயின் குடும்பப்பெயரில்.

ஆனால் ஜி.ஆர்.ஓ. தளத்தில் திருமணப் பட்டியல் கிடையாது. அதற்கு ஃப்ரீ-பிஎம்டிதான். ஒரு பதிவின் பக்க எண்ணைச் சொடுக்கினால் அதே பக்கத்தில் உள்ள மற்ற மணமக்கள் பெயர்களும் வரும். அவர்களுக்குள் ஜோடி சேர்த்துப் பார்த்து மனைவி யார் என்று கண்டுபிடித்துவிடலாம். பிறப்புக்கு ஜி.ஆர்.ஓ., மணத்துக்கு ஃப்ரீ-பிஎம்டி என்று நான் பிரித்து வைத்துக்கொள்வது இதனால்தான். பழைய பிறப்புப் பதிவுகளுக்குத் தாள் சான்றிதழ் வாங்காமல் டிஜிட்டல் படமாக வாங்கினால், ஏறக்குறைய கால்வாசிக் காசில் வேலை முடியும்.

உரைகல்லுக்கு வருவோம். சார்லியின் அண்ணன் சிட்னி சாப்ளினை அந்தப் பெயரில் தேடினால் பிறப்புப் பதிவு வராது. 1885 மார்ச்சில், தாய் ஹன்னாவுக்குத் திருமணமாவதற்கு மூன்று மாதம் முன்பு, ஹில் என்ற தாயின் குடும்பப்பெயரில் பிறந்த பிள்ளை அவர். இங்கிலாந்தில் பெயர் மாற்ற யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாளை முதல் வேறு பெயரில் வாழ ஆரம்பித்தால் போதும். ஆள் தொலைந்துபோவதற்குப் பெரும் காரணங்களில் இது ஒன்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

சான்றிதழில் இல்லாத சார்லி இங்கே இருக்கிறார். 1891 கணக்கெடுப்பில் வால்வர்த் பகுதியில் தாயோடும் அண்ணனோடும் இரண்டு வயதுப் பிள்ளை. 1901-ல் பன்னிரண்டு வயதில், இசையரங்கக் கலைஞன் என்ற தொழிலோடு, ஓர் ஆட்டக் குழுவினரின் வீட்டில். பிறப்புப் பதிவுக்கு யாராவது நடந்து போயாக வேண்டும். கணக்கெடுப்பு வீடு தேடி வந்தது. ஆகவே ஏழைகளும் இடம் மாறிக்கொண்டே இருந்தவர்களும் இதில் தப்புவது குறைவு. என்னைக் கேட்டால் முதல் வேட்டை இங்கேதான்.

எல்லா ஆண்டும் ஒரே தரம் அல்ல. 1841-ல் பதினைந்து வயது தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். உறவுமுறையும் எழுதவில்லை, ஒரே வீட்டில் இருக்கும் இளம்பெண் மகளா, தங்கையா, வேலைக்காரியா என்று தெரியாது. 1851-லிருந்து உறவு, மண நிலை, பிறந்த ஊர் மூன்றும் வரும். 1911 இன்னும் ஒரு படி மேல். குடும்பத் தலைவர் தன் கைப்பட நிரப்பிய தாளே நமக்குக் கிடைக்கிறது. மணமான பெண்ணுக்கு உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று மூன்று கட்டங்கள். பிறந்தது ஒன்பது, இருப்பது ஐந்து என்று ஒரு தகப்பன் எழுதியிருந்தால், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் பிறந்து மறைந்து எந்தப் பட்டியலிலும் வராமல்போன நான்கு குழந்தைகளைத் தேட வேண்டும் என்று அந்தத் தாள்தான் நமக்குச் சொல்கிறது.

1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளியானது. அடுத்தது 1931 என்று காத்திருக்க வேண்டாம். அது 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டது. 1941-ல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. நடுவில் நமக்கு மிஞ்சியது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு மட்டும். அதில் பிறந்த தேதியே இருக்கும்.

தேவாலயப் பதிவேடு

1837-க்கு முன்னால் போக இதைவிட்டால் கதியில்லை. 1538-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட ஆணையிலிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) எழுதினார்கள். ஆனால் 1813-ல் அச்சிட்ட படிவம் வருவதற்கு முன் ஞானஸ்நானக் குறிப்பு பெரும்பாலும் ஒரு வரிதான்: வில்லியம், மேரி இவர்களின் மகன் ஜான். எந்த வில்லியம், என்ன தொழில் என்று கேட்டால் பதில் இல்லை. திருமணப் பதிவு இதைவிட மேல். 1754 மார்ச் 25 முதல் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். சாட்சிகளைத் தாண்டிப் போகாதீர்கள். பல சமயம் மணப்பெண்ணின் அண்ணன்தான் அங்கே நிற்பார்.

மணமகளின் ஊர் வேறாக இருந்தால் அங்கேயும் ஓலை, அதாவது தேவாலயத்தில் சொல்லும் திருமண அறிவிப்பு, வாசித்திருப்பார்கள். ஒரு பதிவு கிடைக்காதபோது அந்த ஊரின் ஓலைப் புத்தகம் வழிகாட்டும். பதிவேடே அழிந்திருந்தால் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகல் இருக்கலாம். ஆங்கிலிக்கன் சபையை ஏற்காத பாப்டிஸ்டு, குவேக்கர் குடும்பங்களின் குழந்தைகளை மட்டும் இங்கே தேடிப் பயனில்லை. அவர்களின் பழைய பதிவுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தனியாக இருக்கின்றன.

ஏழைகளின் காகிதம்

பலர் எட்டிப் பார்க்காத இடம் இது. என் கணக்கில் நான்கிலும் பலமானதும் இதுதான். ஏழைக்குச் சோறு போடுவது எந்தப் பங்கின் பொறுப்பு என்பதில் பழைய இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஓயாத வழக்கு. உதவி கேட்டு வந்தவரை நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரித்து எழுதிக்கொண்டார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் ஒரு வருடம் முழுதும் வேலை செய்தாய், எங்கே மணம் முடித்தாய், பிள்ளைகளின் வயது என்ன? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பண்ணையாளின் முழு வாழ்க்கை ஒரே தாளில் அவர் வாய்மொழியாக நமக்குக் கிடைக்கிறது. வேறெந்த ஆவணமும் அவருக்கு இத்தனை வரிகள் ஒதுக்கியதில்லை. மணமாகாத பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் அந்தச் செலவும் பங்கின் தலையில்தான் விழும். அதனால் தகப்பன் யார் என்று வற்புறுத்திக் கேட்டு, அவனிடம் ஜாமீன் பத்திரம் வாங்கினார்கள். ஞானஸ்நானப் பதிவேடு மறைத்த தகப்பன் பெயர் அந்தப் பத்திரத்தில் இருக்கும்.

1834-க்குப் பின் ஏழைகளுக்கான உதவி ஒர்க்ஹவுஸ் எனும் ஏழைகள் விடுதிகளை மையமாகக் கொண்டது. சாப்ளின் குடும்பம் அங்கேயும் போனது. 1896-ல் ஹன்னாவும் இரு மகன்களும் விடுதியில் சேர்ந்தார்கள். அங்கிருந்து சிறுவர்களை ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிறப்பைப் பதியாத அதே அரசு, பசித்து வந்த நாளில் பையனின் பெயரைச் சரியாக எழுதி வைத்தது. இந்த ஆவணங்களில் பெரும்பகுதி இன்னும் இணையத்தில் ஏறவில்லை. அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். லண்டனுடையதில் கணிசமானது ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்தில் உண்டு.

தளங்களும் மரபணுச் சோதனையும்

ஆன்செஸ்ட்ரியா, இன்னொரு கட்டணத் தளமான ஃபைண்ட்மைபாஸ்டா என்ற கேள்விக்கு உங்கள் ஆள் எந்த ஊர் என்பதே பதில். லண்டன் என்றால் முன்னது. பழைய செய்தித்தாள்கள் வேண்டுமென்றால் பின்னது. ஃபேமிலிசர்ச் என்ற தளம் முழுக்க இலவசம். பிஷப் நகல்கள் அதில் ஏராளம். மற்றவர்கள் ஏற்றி வைத்த குடும்ப மரங்களை மட்டும் எந்தத் தளத்திலும் சான்றாக எடுக்காதீர்கள். ஒருவர் செய்த தவறு நூறு மரங்களில் நகலாகி, நூறு பேர் சொல்வதால் உண்மை போலத் தோன்றும்.

மரபணுச் சோதனை ஐந்தாறு தலைமுறை வரை உதவும். தகப்பன் கட்டம் காலியாக உள்ளவர்களுக்கு அது பெரிய வரம். அதற்கு மேல் பலம் குறைகிறது. மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட உறவுகளிலேயே (தாத்தாவின் தாத்தா ஒருவரே ஆனவர்கள்) பத்தில் ஒருவருக்கு மரபணுப் பொருத்தம் வராது. காகிதத் தேடல் இல்லாமல் இது தனியாக ஒரு பெயரையும் தராது.

ஒரு கணக்கெடுப்பில் இருந்த இளைஞன் அடுத்ததில் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை என்றால் படையில் சேர்ந்து கடல் கடந்திருக்கலாம். சென்னை ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயமும் மாகாணத்தின் மற்ற தேவாலயங்களும் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. 1698 முதலான அந்த நகல்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டில் கிடைக்கின்றன. பெரம்பூரிலோ பரங்கிமலையிலோ இருந்து பின்னோக்கிப் போகும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இதே பாதையை எதிர்த்திசையில் நடக்கலாம். மாகாணப் பதிவில் கணவனின் படைப்பிரிவு கிடைத்ததும், அது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையாக இல்லாமல் அரசப் படைப்பிரிவாக இருந்தால், கியூ காப்பகத்தில் உள்ள செல்சி ஓய்வூதியத் தாள்களை (செல்சி அரச மருத்துவமனை கவனித்த சிப்பாய் ஓய்வூதிய ஆவணங்கள்) தேடுங்கள். ஓய்வூதியத்தோடு விடுவிக்கப்பட்ட சிப்பாய் எந்த மாவட்டத்தில், எந்தப் பங்கில் பிறந்தவர் என்று அதில் எழுதியிருக்கும்.