ஐடல்மாஸ்டரா, ராக் ஸ்டார் ஏட் மை ஹேம்ஸ்டரா?

பாடகர்களை வளர்த்து உச்சத்துக்குக் கொண்டுபோகும் பழைய கேம் ஒன்றை ஆடிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முன்னால் இந்த இரண்டும் வந்து நிற்கும். ஒன்று ராக் ஸ்டார் ஏட் மை ஹேம்ஸ்டர், 1988இல் பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இன்னொன்று ஐடல்மாஸ்டர், நாம்கோ நிறுவனம் 2005இல் ஜப்பானிய ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடும் கேம் கடைகளில், இறக்கியது; 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீட்டு கேம் கருவிக்கும் வந்தது.

ஹேம்ஸ்டர் வேகமானது. நிஜ நட்சத்திரங்களின் பெயரைத் திரித்து வைத்த பாடகர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஒத்திகை, கச்சேரி, ரெக்கார்டிங் என்று மெனுவிலேயே ஓட்டி, ஒரு வருஷத்துக்குள் நான்கு தங்கத் தட்டு (நிறைய விற்ற பாட்டுக்குத் தரும் விருது) வாங்க வேண்டும். எல்லாமே பணக் கணக்கு. விளம்பரத்துக்காகச் செய்யும் கூத்தில் பாடகர் செத்தே போகலாம், அதுவும் ஒரு செய்திதான். பிரிட்டனின் மஞ்சள் பத்திரிகைகளைக் கிண்டல் செய்த விதத்தில் கூர்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாடகர்கள் யாரும் எனக்கு ஒட்டவே இல்லை.

ஐடல்மாஸ்டர் அப்படி இல்லை. இங்கே நீங்கள் வளர்ப்பது 'ஐடல்' என்று ஜப்பானில் சொல்லும் இளம் பாடகியை, செலவாவது வாரங்கள். பயிற்சிக்குப் போவதா, அந்தப் பெண்ணோடு வேலைக்குப் போய்ப் பேசி மனசைத் தேற்றுவதா, ஆடிஷனா என்று ஒவ்வொரு வாரமும் முடிவெடுக்க வேண்டும். ஆடிஷன்தான் இதன் உயிர். குரலுக்கு ஒருவர், நடனத்துக்கு ஒருவர், தோற்றத்துக்கு ஒருவர் என்று மூன்று நடுவர்கள், எதற்கு இப்போது மவுசு என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். மவுசு இருக்கிறதே என்று எல்லோரும் ஒரே நடுவரை மொய்த்தால் அவர் சலித்து எழுந்து போய்விடுவார், அவர் பக்கத்து மதிப்பெண் யாருக்கும் கிடையாது. அதனால் உங்கள் திறமை மட்டும் போதாது, எதிரில் இருப்பவர் எங்கே குறிவைக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஆர்கேடில் அந்த எதிராளி நெட்வொர்க் வழியாக வேறொரு கடையில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதராகவும் இருக்க முடிந்தது, அந்தப் பதற்றம் ஹேம்ஸ்டரில் துளியும் கிடையாது. எவ்வளவு ரசிகர்களைச் சேர்த்தாலும் ஒருநாள் காலம் முடிந்து கடைசிக் கச்சேரி வரும், அப்புறம் பிரிய வேண்டும். வாரக்கணக்கில் கூடவே இருந்த பிறகு அது நிஜமாகவே வலிக்கும்.

குறை ஒன்று உண்டு: எக்ஸ்பாக்ஸ் பதிப்பு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வந்தது, பேச்சுக் காட்சிகளில் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறுவீர்கள். ஒரு சாயங்காலம் பொழுது போனால் போதும், ஆங்கிலம் போதும் என்றால் ஹேம்ஸ்டர் சரி. மற்றபடி என் ஓட்டு ஐடல்மாஸ்டருக்கே. அதில் வரும் பாடகிகளில் முதலில் ஹருகாவை எடுங்கள். இன்னொரு பாடகி சிஹாயாவின் குரல் அருமை, ஆனால் அவள் மனசைப் பிடிப்பது லேசில்லை, அவளை இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.