லொத், செலே ஆற்றோரச் சாலைகள்: ஏழு வருட சைக்கிள் அனுபவம்

2018 மே மாதம் முதன்முறையாக சைக்கிளோடு தென்மேற்கு பிரான்சில் இருக்கும் காஓர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். அன்றிலிருந்து வருடத்துக்கு மூன்று நான்கு முறையாவது அந்தப் பக்கம் போய்விடுகிறேன். 2020 வசந்தம் மட்டும் ஊரடங்கில் போய்விட்டது. துலூஸிலிருந்து வட்டார ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், சைக்கிளைப் பெட்டியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். இத்தனை தடவை ஓட்டிய பிறகு, புதிதாகப் போகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: லொத் ஆற்றை ஒட்டிய பெரிய சாலையிலேயே போய், அதிலேயே திரும்பி வந்துவிடாதீர்கள். முதல் வருடம் முழுக்க நான் அதைத்தான் செய்தேன்.

அந்தச் சாலையின் எண் டி 662. காஓருக்குக் கிழக்கே வெர்ஸில் தொடங்கி, கஜார்க் வழியாக ஃபிஜாக் வரை போகிறது. காஓரிலிருந்து கஜார்க் வரை 50 கிலோமீட்டர் சொச்சம். தார் நன்றாக இருக்கும், பெரிய ஏற்றமே கிடையாது, இடப்பக்கம் சுண்ணாம்புப் பாறை, வலப்பக்கம் ஆறு. ரயில் நின்றுபோன பழைய தண்டவாளம் ஒன்று பாலங்களும் சுரங்கங்களுமாகக் கூடவே வரும். குறை என்று பார்த்தால் வாகனங்கள்தான். ஜூலை, ஆகஸ்டில் கேரவன் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள். ஆனால் பாறையைக் குடைந்து சாலை போட்ட இடங்களில் அந்த ஒன்றரை மீட்டருக்கு இடமே இல்லை. பின்னால் ஒரு வண்டி பொறுமையாகக் காத்துக்கொண்டு வருகிறது என்று தெரிந்தாலே மிதிக்கிற தாளம் கெட்டுவிடும்.

பூஸியெஸ் கிராமத்தைத் தாண்டியதும் கோந்துஷே என்ற இடத்தில் செலே ஆறு வந்து லொத்தில் கலக்கிறது. அங்கே இடப்பக்கம் திரும்பும் சின்னச் சாலை டி 41. என் ஏழு வருடத்தில் பாதிக்கு மேல் அதில்தான் கழிந்தது, தயங்காமல் சொல்கிறேன். செலே சின்ன ஆறு. நடந்தே கடந்துவிடலாம் போல இருக்கும் இடங்கள் உண்டு. பள்ளத்தாக்கும் அதற்கேற்ற மாதிரி குறுகல். கப்ரெரே, மர்ஸியாக், பிரெங், எஸ்பன்யாக் என்று ஊர்கள் வருகிற ஒவ்வொரு இடத்திலும் சாலை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, ஆற்றைத் தொட்டுவிட்டு மறுபடி விலகும். ஃபிஜாக் வரை 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செப்டம்பரில், மர்ஸியாக்குக்கும் பிரெங்குக்கும் நடுவே என்னைத் தாண்டிப் போனவை ஒரு டிராக்டரும் தபால்காரரின் மஞ்சள் வண்டியும் மட்டும்தான். செயின் ஓடுகிற சத்தத்தை அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

மர்ஸியாக்கில் ஒரு பழைய மடாலயம் இருக்கிறது. கோயிலின் ஒரு பகுதிக்குக் கூரை கிடையாது, பாதிச் சுவரும் வானமும்தான். நான் எப்போதும் அங்கேதான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரொட்டியைப் பிரிப்பேன்.

ஆனால் செலேயில் மட்டும் போனாலும் போதாது. இந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலும் சுற்றிலும் கிடப்பது 'கோஸ்' என்று அவர்கள் சொல்லும் சுண்ணாம்பு மேட்டுநிலம். ஆறு அதை அறுத்துக்கொண்டு கீழே ஓடுகிறது. அதனால் பக்கத்துச் சாலை எதில் திரும்பினாலும் இருநூறு மீட்டர் வாக்கில் ஏற வேண்டும். மூன்று நான்கு கிலோமீட்டர் ஏற்றம், ஆறு ஏழு சதவீதம், நடுவில் இன்னும் செங்குத்தான வளைவு ஒன்றிரண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவையாவது மேலே ஏறி இறங்குங்கள். மேலே தண்ணீரே கிடையாது. மழை பெய்தால் பாறைக்குள் இறங்கிவிடும். குட்டை ஓக் மரங்கள், சாந்து பூசாத கல்வேலிகள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட வெள்ளைச் செம்மறி ஆடுகள். மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு நம்மையே பார்ப்பது போல இருக்கும்.

2021 அக்டோபரில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு கப்ரெரேயில் கிளம்பினேன். கீழே பனிமூட்டம், முன்சக்கரத்துக்கு அப்பால் பத்தடி தெரியவில்லை. கையுறையில் நீர்த்துளி கோத்து நின்றது. பெஷ் மெர்ல் குகைக்குப் போகிற ஏற்றத்தில் திரும்பி, மூன்றாவது வளைவோ நான்காவதோ, தலை சட்டென்று வெயிலுக்குள் போனது. கால் இன்னும் பனியில்தான். மேலே நின்று திரும்பிப் பார்த்தேன். ஆறு தெரியவில்லை, ஆனால் ஆறு எப்படியெல்லாம் வளைகிறதோ அப்படியே பனியும் வளைந்து கிடந்தது. அதற்குப் பிறகு இலையுதிர்காலத்தில் போகும்போதெல்லாம் காலையில் மேட்டுநிலம், பதினொரு மணிக்கு மேல் ஆற்றோரம் என்றே திட்டம் போடுகிறேன்.

குகையையும் பார்த்துவிடுங்கள். 1922இல் கண்டுபிடிக்கப்பட்டது, உள்ளே பாறைச் சுவரில் வரைந்திருக்கும் புள்ளிக் குதிரைகள் 25,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுகிறார்கள், முன்பதிவு தேவை. உள்ளே குளிர் அதிகம். வியர்த்த சட்டையோடு போய் ஒரு மணி நேரம் நடுங்கியிருக்கிறேன், மெல்லிய ஜாக்கெட் ஒன்றை முதுகுப் பையில் வையுங்கள்.

சென் சிர்க் லபொப்பி பற்றிக் கேட்காதவர்களே இல்லை. 2012இல் பிரெஞ்சு மக்களின் விருப்ப கிராமமாகத் தேர்வானது, பாறை உச்சியில் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. அழகுதான். பூஸியெஸ் தொங்குபாலத்தைக் கடந்து டி 40 வழியாக ஏறுங்கள். வழியில் பன்கூரெல் பாறையில் நின்றால் ஆறு மொத்தமாகக் கீழே விரியும். ஆனால் காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். ஆகஸ்ட் மதியத்தில் அந்தச் சந்துகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கக்கூட முடியாது.

என் வண்டியைப் பற்றி. முதல் ஒரு வருடச் சொச்சம் 25 மில்லிமீட்டர் டயர். கோடையில் அங்கே சாலை பராமரிப்பு என்றால் தாரைத் தெளித்து அதன்மேல் பொடிக்கல்லைக் கொட்டிவிட்டு, வாகனங்களே அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். 'கிராவியோன்' என்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். 2019 ஜூலையில், லர்னகோலுக்கு மேலே ஓர் இறக்கத்தில் அந்தப் பலகையைக் கவனிக்காமல் வளைவுக்குள் போனேன். முன்சக்கரம் வழுக்கியது, விழுந்தேன், முழங்கையில் கல் பதிந்தது. பின்னால் வந்த ஒரு விவசாயி வண்டியை நிறுத்தி, குடிதண்ணீர்க் கேனைத் திறந்து புண்ணைக் கழுவிவிட்டு, மறுபேச்சு இல்லாமல் போனார். அடுத்த வாரமே 28 மில்லிமீட்டருக்கு மாறினேன், காற்றையும் குறைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்தச் சாலைகளில் பங்சர் இரண்டே தடவை. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தை 28 பல்லிலிருந்து 32 பல்லுக்கு மாற்றியது இன்னும் நல்ல முடிவு. மேட்டுநில ஏற்றங்களில் முட்டி அதற்கு நன்றி சொல்கிறது.

தண்ணீருக்கு நம்பகமான இடம் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய ஒவ்வொரு கிராமத்திலும் ஒன்று உண்டு, பூக்களுக்கு ஊற்றக் குழாய் இருக்கும். 'குடிக்கத் தகாதது' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அமைதியாகப் போய், நிரப்பிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். சாப்பாடுதான் சிக்கல். பன்னிரண்டரைக்குக் கடை அடைத்தால் மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார்கள், திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகள் திறக்கவே திறக்காது. செலே பள்ளத்தாக்கில் கடைகளே குறைவு. அதனால் காஓரிலேயே வால்நட் ரொட்டியும் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸும் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன். வட்டமாக, உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தச் சீஸ் மூன்று போதும், மதியம் வரை தாங்கும். சைவமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உணவகப் பட்டியலில் வாத்துதான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை.

முழுச் சுற்று ஒன்று போடலாம்: காஓரிலிருந்து செலே வழியாக ஃபிஜாக், அங்கிருந்து ஃபெசெல் மேட்டில் ஏறி லொத் பக்கம் இறங்கி, கஜார்க் வழியாகத் திரும்புவது. 140 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரே நாளில் இரண்டு தடவை முடித்திருக்கிறேன். இப்போது ஃபிஜாக்கில் ஓர் இரவு தங்குகிறேன். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியோன் 1790இல் பிறந்த ஊர் அது. அந்த எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரோசெட்டா கல்லின் பெரிய நகல் ஒன்றை ஒரு முற்றத்தின் தரையாகவே பதித்திருக்கிறார்கள். சாயங்காலம் செருப்போடு அந்த எழுத்துகளின் மேல் நடக்கும்போது கால்வலி தெரிவதில்லை.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. இந்த மாதங்களில் வாருங்கள். அக்டோபரில் சாலையில் உதிர்ந்து கிடக்கும் வால்நட் காய்களைப் பார்த்து ஓட்டுங்கள். டயருக்கு அடியில் அகப்பட்டால் கோலிக்குண்டு மாதிரி வழுக்கும்.